வட்டாரத்துக்கு ஒரு முகம்: வீவக பேட்டைக்குப் பொது அடையாளம் அமைப்பது எப்படி?

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) பேட்டையில், உங்கள் வசிப்போர் குழுக் கூட்டத்தில் "நம்ம வட்டாரத்துக்கு ஓர் அடையாளம் வேணும்" என்று யாரோ சொல்லி, அந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. பல குழுக்கள் ஓவியரைத் தேடுவதில் தொடங்குகின்றன. படம் தயாராகி, எல்லாருக்கும் பிடித்துப்போன பிறகுதான் அந்தச் சுவர் யாருடையது என்ற கேள்வி வருகிறது. அதற்குள் பாதிப் பணமும் முழு உற்சாகமும் செலவாகியிருக்கும். ஆகவே இங்கே வரிசை வேறு: முதலில் சுவர், அடுத்து மக்கள், அதன் பிறகே நிறமும் எழுத்தும்.

ஒரு விஷயத்தை இப்போதே தெளிவாக்கிவிடலாம். ஒரு பெரிய சுவரோவியம் அடையாளம் ஆகிவிடாது. ஒரே நிறத் தொகுப்பு, ஒரே வடிவம், வட்டாரப் பெயரை எழுதும் ஒரே முறை ஆகியவை அறிவிப்புப் பலகையிலும் மின்தூக்கி முகப்பிலும் நிகழ்ச்சிப் பதாகையிலும் சலிக்காமல் திரும்பத் திரும்ப வந்தால்தான் அது அடையாளம். சுவரோவியம் கடைசியில் வரட்டும், வராவிட்டாலும் நட்டமில்லை.

1. சுவர் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

வட்டாரத்தை ஒரு மாலை நடந்து, நீங்கள் தொட நினைக்கும் ஒவ்வொரு பரப்பையும் படம் எடுத்துப் பட்டியலிடுங்கள். பக்கத்திலேயே அதன் பொறுப்பாளர் யார் என்று எழுதுங்கள். புளோக்கின் வெளிச்சுவர், கீழ்த்தளம், மின்தூக்கி முகப்பு, கூரையிட்ட நடைபாதை ஆகியவற்றுக்கு நகர மன்றம். பலமாடிக் கார் நிறுத்துமிடத்துக்கு வீவக. பேருந்து நிறுத்தம், மேம்பாலம், விளக்குக் கம்பம், சாலைப் பலகை எல்லாம் நிலப் போக்குவரத்து ஆணையம். பூங்கா இணைப்புப் பாதையும் சாலையோர மரங்களும் தேசியப் பூங்காக் கழகம். கால்வாய்ச் சுவர் பொதுப் பயனீட்டுக் கழகம். மின்பெட்டி என்றால் எஸ்பி குழுமம். காலி நிலத்தை ஒட்டிய சுவரா? ஒன்மேப் இணையத்தளத்தில் அந்த நிலம் அரசுடையதா, கழகம் ஒன்றினுடையதா, தனியாருடையதா என்று இலவசமாகப் பார்க்கலாம்.

ஒரே சந்தில் நான்கு பொறுப்பாளர்கள் இருப்பது சாதாரணம். முதல் திட்டத்துக்கு ஒரே பொறுப்பாளரிடம் இருக்கும் பரப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது நகர மன்றமாக இருக்கும். இரண்டு அமைப்புகளிடம் ஒரே நேரத்தில் அனுமதி கேட்டால், ஒன்று மற்றதன் பதிலுக்குக் காத்திருக்கும்.

வாய்மொழி ஒப்புதலை நம்பி வண்ணத்தைத் திறக்காதீர்கள். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொதுச் சொத்தில் வரைவது, எழுதுவது, சுவரொட்டி ஒட்டுவது, பதாகை கட்டுவது எல்லாமே பொதுச்சொத்துச் சேதச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை. அத்துடன் பிரம்படியும் விதிக்கப்படலாம். நல்ல எண்ணத்தில் செய்தோம் என்பது அனுமதிக் கடிதம் ஆகாது.

லிட்டில் இந்தியா, சைனாடவுன் போன்ற பாதுகாக்கப்பட்ட கடைவீட்டு வட்டாரங்களில் உரிமையாளரின் சம்மதம் மட்டும் போதாது; நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் முன் அனுமதியும் வேண்டும். முகப்பைத் தொடும் எண்ணத்தை விட்டுவிட்டுப் பக்கச் சுவரையும் பின்சந்துச் சுவரையும் பாருங்கள். 2024ல் சவுத் பிரிட்ஜ் சாலையில் சம்சுய் பெண்மணி (அக்காலத்தில் சீனாவிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளி) ஒருவர் சிகரெட்டுடன் இருக்கும் ஓவியம் பெரிய விவாதமானது நினைவிருக்கலாம். ஓவியம் அப்படியே இருக்க விடப்பட்டது. ஆனால் முன் அனுமதி பெறாமல் வரைந்ததற்குக் கட்டட உரிமையாளர் அபராதம் கட்ட வேண்டியிருந்தது.

2. அந்த இடத்துக்கு அடுத்து என்ன வரப்போகிறது?

புளோக்குகளுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிப்புற வண்ணப்பூச்சு நடக்கும். ஐந்து முதல் ஏழு ஆண்டு இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது பூசினார்கள், அடுத்து எப்போது என்று நகர மன்றத்தின் சொத்து அதிகாரியிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். அடுத்த ஆண்டே பூச்சு வரும் சுவரில் ஓவியம் தீட்டினால் அது ஓராண்டு ஓவியம்தான்.

இதையே சாதகமாகவும் திருப்பலாம். பூச்சு வருவதற்கு முன் நிறத் தெரிவுகளைக் கீழ்த்தளத்தில் வைத்துக் குடியிருப்பாளர்களிடம் வாக்குக் கேட்பது வழக்கம். அந்தத் தெரிவுகள் தயாராகும் முன்பே உங்கள் நிறத் தொகுப்பைக் கொடுத்துவிட்டால், செலவே இல்லாமல் பல புளோக்குகளின் வெளிச்சுவர் உங்கள் அடையாளத்துக்குள் வந்துவிடும். இதைவிட மலிவான வழி வேறு கிடையாது. வாக்கெடுப்பு அட்டை ஒட்டிய பிறகு போய் நின்றால் பயனில்லை.

அதேபோல் அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் உங்கள் பேட்டைக்கு வருகிறதா என்றும் கேளுங்கள். தகுதிபெற்ற வீடுகளில் குறைந்தது 75 விழுக்காட்டினர் ஆதரித்தால்தான் அது நடக்கும். நடந்தால் நுழைவாயில் கூரை, நடைபாதை, இருக்கை எல்லாமே மாறும். உங்கள் நிறமும் வடிவமும் அந்த வரைபடத்திலேயே ஏற வேண்டும்.

3. மக்களிடம் சின்னத்தைக் காட்டாதீர்கள், கேள்வி கேளுங்கள்

மூன்று சின்னங்களை வரிசையாக வைத்து "எது பிடிக்கும்?" என்று கேட்பது பெரும் பொறி. யாருக்கும் பிடிக்காத ஒன்று ஜெயிக்கும். தோற்ற இரண்டின் ஆதரவாளர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: "டாக்சிக்காரருக்கு உங்கள் வீட்டுக்கு எப்படி வழி சொல்வீர்கள்?", "வெளியூரிலிருந்து வரும் உறவினரை எங்கே நிற்கச் சொல்வீர்கள்?" கடிகாரக் கோபுரம், பழைய விளையாட்டிடம், காப்பிக் கடை முனை, பூத்துக் குலுங்கும் ஒரு மரம் என்று பதில் வரும். திரும்பத் திரும்ப வரும் பதில்தான் உங்கள் மூலப்பொருள். தோ பாயோவின் டிராகன் விளையாட்டிடத்தை யாரும் வாக்கெடுத்து அடையாளமாக்கவில்லை. மக்கள் அதை வைத்து வழி சொன்னார்கள்.

நேரம் முக்கியம். வார நாளில் மாலை 6.30 முதல் 9 மணி வரை மின்தூக்கி முகப்பு. ஞாயிறு காலை ஈரச் சந்தை வாசல். நீல ஒட்டுப்புள்ளிகளும் ஒரு வட்டார வரைபடமும் இருந்தால் மொழி தெரியாதவர்களும் கலந்துகொள்வார்கள். நான்கு மொழியிலும் கேள்வி அச்சிட்டிருக்கட்டும். ஹொக்கியன் பேசும் பாட்டிகளிடம் பேச ஒருவர் கூட இருக்கட்டும். வாடகை வீட்டுப் புளோக்கை விட்டுவிடாதீர்கள். கருத்துக்கணிப்புகள் அங்கேதான் போவதில்லை.

அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள். 2019 செப்டம்பர் 1 முதல் தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிகளின்படி நிறுவனங்கள் சட்டத் தேவையோ, ஒருவரை உறுதியாக அடையாளம் காணும் அவசியமோ இல்லாமல் அதை வாங்கக்கூடாது. உங்கள் வேலைக்குப் புளோக் எண்ணும் மாடியும் போதும்.

4. நிறமும் வடிவமும்: குறைவாக

இரண்டு முக்கிய நிறம், ஒரு துணை நிறம், ஒரு வெளிர் நிறம். அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் மூன்று குறியீடுகளை எழுதி வையுங்கள்: வண்ணக் கடையின் சாய எண், அச்சகத்துக்கான நான்கு மை விகிதம், திரைக்கான எண். திரையில் பார்த்த நிறத்தைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்டால் கடைக்குக் கடை வேறு நிறம் வரும். வண்ணக் கடையின் அட்டையிலிருந்து முதலில் சாயத்தைத் தேர்ந்தெடுத்து, அச்சையும் திரையையும் அதற்கு ஏற்பச் சரிசெய்யுங்கள். தலைகீழாகப் போனால் சுவருக்குக் கிடைக்காத நிறத்தில் சிக்கிக்கொள்வீர்கள்.

நம் வெயிலில் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும். மேற்குப் பார்த்த சுவரில் அவற்றைப் பெரிய பரப்பாக வைக்காதீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். இணையத்தில் இலவசமாக அளக்கலாம். இளநீலத்தில் வெள்ளை எழுத்து அழகுதான், முதியவர் கண்ணுக்கு அது வெறும் நீலம்.

வடிவத்துக்கு ஓர் எச்சரிக்கை. நான்கு இனத்தவரும் நான்கு ஆடையில் கைகோத்து நிற்கும் படம் எந்த வட்டாரத்துக்கும் பொருந்தும். அதனாலேயே எந்த வட்டாரத்தையும் அடையாளம் காட்டாது. உங்கள் புளோக்கின் காற்றோட்டச் செங்கல், மாடிப்படி ஓட்டின் கோலம், புளோக் எண் எழுதிய முறை ஆகியவற்றிலிருந்து ஒரு வடிவத்தை எடுங்கள். சமயச் சின்னம், கட்சிச் சின்னத்தை நினைவூட்டும் நிறக்கூட்டு, கடைப் பெயர் மூன்றும் நகர மன்றத்தில் தடைபடும். மெர்லயன் உருவத்துக்கும் தேசியச் சின்னங்களுக்கும் தனி விதிகள் உண்டு. அவற்றைத் தவிர்த்தாலே பாதி கடிதப் போக்குவரத்து மிச்சம்.

புளோக் எண்ணை மறைக்கவோ அதன் நிறத்தை மங்கச் செய்யவோ கூடாது. இரவில் ஆம்புலன்ஸ் அதைப் பார்த்துத்தான் திரும்புகிறது.

5. எழுத்து: தமிழை உங்களைத் தவிர வேறு யாரும் பார்க்கப்போவதில்லை

இந்தப் பகுதிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். வடிவமைப்பாளருக்கோ அச்சகத்தாருக்கோ தமிழ் தெரியாவிட்டால் உடைந்த எழுத்து அவர்களுக்கு உடைந்ததாகத் தெரியாது.

எழுத்து உடைவதன் காரணம் எளிது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியவை கணினியில் மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகின்றன. திரையில் முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தை மென்பொருள்தான் செய்கிறது. இல்லஸ்டிரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழி அமைப்பு இயக்கப்படாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். வடிவமைப்பாளரிடம் "எழுத்து அமைப்பில் இந்திய மொழித் தெரிவை இயக்குங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். இன்டிசைன் என்றால் உலக மொழிகளுக்கான பத்தி அமைப்பியைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள்.

சோதனைக்கு நம் ஊர்ப் பெயர்களே போதும்: "தோ பாயோ", "பொங்கோல்", "தெம்பனிஸ்". இந்த மூன்றும் சரியாக வந்தால் கொம்புகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று பொருள். "ஸ்ரீ" வர வேண்டிய பெயர் இருந்தால் அதையும் தனியே பாருங்கள்.

உரையை யூனிகோடில் மட்டும் கொடுங்கள். பழைய குறியீட்டு எழுத்துருவில் தட்டியது இன்னொரு கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாக மாறும். கூடவே சரியான தோற்றத்தைக் காட்டும் ஒரு படத்தையும் அனுப்புங்கள். அச்சகத்தார் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். இறுதிக் கோப்பில் எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு வரும் பிடிஎஃப்பை மீண்டும் படியுங்கள். மாற்றத்துக்கு முன் பார்த்தேனே என்று விடாதீர்கள், பல உடைவுகள் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நடக்கின்றன.

எழுத்துருவுக்கு நோட்டோ குடும்பம் வசதி. தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் நான்கும் ஒரே தடிமனில் கிடைக்கும். உரிமக் கட்டணம் இல்லை. இன்னும் கொஞ்சம் குணம் வேண்டுமென்றால் முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி ஆகியவையும் திறந்த உரிமத்தில் உள்ளன.

அளவுக்கு ஒரு கணக்கு: 3 மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் எழுத்து உயரம். 12 மீட்டரிலிருந்து படிக்க வேண்டிய பலகைக்கு 100 மில்லிமீட்டர். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட நீளம் என்பதால் வடிவமைப்பாளர்கள் தமிழ் வரியை மட்டும் சுருக்கி விடுவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். நீளமான மொழியை முதலில் பொருத்திவிட்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப வைக்கச் சொல்லுங்கள். மேலே புள்ளியும் கீழே "ழு", "ஞ்சு" போன்றவற்றின் சுழியும் இருப்பதால் வரி இடைவெளி எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்கு வேண்டும்.

பொருளிலும் தமிழ் தன் குணத்தைக் காட்டும். வெட்டி ஒட்டும் ஸ்டிக்கரில் புள்ளி என்பது தனித் துண்டு. மாடிப்படி துடைப்பவரின் முதல் வாளித் தண்ணீரிலேயே அது உரியும். தமிழுக்கு முழுத் தாளில் அச்சிட்ட ஸ்டிக்கரைக் கேளுங்கள். அச்சுத் தகடு வெட்டித் தீட்டுவதாக இருந்தால் "ழ", "ண", "ஞ" போன்றவற்றின் உள்வட்டம் விழுந்துவிடாமல் இணைப்புக் கீற்றுகள் விட வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கு எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர் தளம் தொடக்க வரைவுக்கு உதவும். அதன் பிறகு தமிழாசிரியர் ஒருவர், வட்டாரத்தில் வசிக்கும் பெரியவர் ஒருவர் என இருவர் படிக்கட்டும். முன்னவர் பிழை பிடிப்பார். பின்னவர் "இப்படி யாரும் சொல்றதில்லையே" என்பார். இரண்டும் தேவை.

6. வடிவமைப்பாளருடன் எழுத்து ஒப்பந்தம்

பணம் கொடுத்ததால் படம் உங்களுடையது ஆகிவிடாது. 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படைத்தவரே உரிமையாளர். பெயர் குறிப்பிடப்படும் உரிமையும் அவருக்கு உண்டு. ஒப்பந்தத்தில் இவை வேண்டும்: சின்னத்தின் உரிமை யாருக்கு, பிற்காலத்தில் நிறத்தையோ அளவையோ மாற்றலாமா, டி-சட்டையில் அச்சிடலாமா, சுவர் மறுபூச்சு வந்தால் ஓவியத்தை அழிக்கலாமா, எத்தனை திருத்தச் சுற்று, திருத்தக்கூடிய மூலக் கோப்புகள் எப்போது ஒப்படைக்கப்படும். மூலக் கோப்பு இல்லாமல் வெறும் படக் கோப்பை வாங்கிக்கொண்ட குழு, இரண்டாண்டு கழித்து எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டிவரும்.

7. விண்ணப்பக் கட்டில் இருக்க வேண்டியவை

ஒரே பிடிஎஃப்பில், இந்த வரிசையில்:

— வசிப்போர் குழுவின் ஆதரவுக் கடிதமும் தொடர்பாளர் ஒருவரின் பெயரும்
— இட வரைபடம், இப்போதைய படம், அளவு குறித்த சுவர் வரைபடம், முடிந்த தோற்றத்தின் மாதிரி
— நிறக் குறியீடுகள், பயன்படும் வண்ணம், ஒட்டும் பொருள்
— வேலை செய்யும் முறை, ஆபத்து மதிப்பீடு, பொதுப் பொறுப்புக் காப்புறுதி (தொகையை நகர மன்றம் சொல்லும்)
— கருத்துக்கணிப்பின் ஒரு பக்கச் சுருக்கம்
— யார், எத்தனை ஆண்டு பராமரிப்பார்கள். கெட்டுப்போனால் யார் செலவில் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள்

கடைசி வரி இல்லாத விண்ணப்பங்கள்தான் அதிகம் தேங்குகின்றன. அதிகாரி கேட்பது "அழகா?" என்றல்ல, "மூன்றாண்டு கழித்து இது யார் தலைவலி?" என்று. அதற்குப் பதில் எழுதியிருந்தால் மற்றவை நகரும்.

தீயணைப்புக் குழாய்ப் பெட்டி, அவசர வெளிவழிப் பலகை, மின்பெட்டிக் கதவு ஆகியவற்றின் மேல் எதுவும் வராது என்று வரைபடத்திலேயே கோடிட்டுக் காட்டுங்கள். துளையிட வேண்டியிருந்தால் எங்கே, எவ்வளவு ஆழம் என்று எழுதுங்கள். மின்தூக்கிச் சுவரில் துளை கேட்காதீர்கள்.

8. பணம்

வடிவமைப்பு, பொருள், பொருத்துதல், பராமரிப்பு என்று நான்கு பத்தியாகப் பிரியுங்கள். பராமரிப்புக்குப் பத்து விழுக்காடாவது முதல் நாளே ஒதுக்குங்கள். எதிர்பாராத செலவுக்கு இன்னொரு பத்து. மூன்று விலைப்புள்ளி வாங்கும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்ததா இல்லையா என்று பாருங்கள். சிறிய ஓவியர் வரிப் பதிவு செய்யாதவராக இருப்பார், நிறுவனம் பதிவு செய்திருக்கும். ஒரே அடிப்படைக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் மலிவானது மலிவானதல்ல.

வீவகவும் நகர மறுசீரமைப்பு ஆணையமும் நடத்தும் லைவ்லி பிளேசஸ் திட்டம் இப்படிப்பட்ட முயற்சிகளுக்கென்றே உள்ளது. மரபு சார்ந்த வடிவமாக இருந்தால் தேசிய மரபுடைமைக் கழகத்தின் மானியங்களையும் பாருங்கள். பொறி எங்கே என்றால், மானியம் பெரும்பாலும் முழுச் செலவையும் ஏற்காது. செலவழித்து ரசீது காட்டிய பிறகு வருவதும் உண்டு. நடுவில் யார் கைப்பணம் போடுவது என்று முன்பே முடிவுசெய்யுங்கள். ஒப்புதல் தேதிக்கு முன் வாங்கிய பொருளின் ரசீதை நம்பியிருக்காதீர்கள்.

வண்ணக் கணக்கு: 12 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரச் சுவர் என்றால் 28.8 சதுர மீட்டர். லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்று வைத்தால் இரண்டு பூச்சுக்கு 7.2 லிட்டர், அடிப்பூச்சு ஒரு முறைக்கு 3.6 லிட்டர். டப்பாவில் 10, 12 என்று போட்டிருப்பது வழவழப்பான சுவருக்கு. நம் புளோக் சுவர் சொரசொரப்பு, குடிக்கும்.

9. தீட்டும் நாள்கள்

டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் வெளிச்சுவர் வேலை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வறண்டிருக்கும் பிப்ரவரி நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரையும் சமாளிக்கலாம், காலைப் புயல்மழைக்குத் தயாராக இருந்தால். காலை 9 மணிக்கு மேல் சுவர் காய்ந்த பிறகு தொடங்கி, பிற்பகல் இடிமழைக்கு முன் நிறுத்துங்கள்.

ஈரச் சோதனை: 45 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். உட்பக்கம் நீர்த்துளி இருந்தால் சுவருக்குள் ஈரம், பூசினால் கொப்பளிக்கும். புதிதாகப் பூசிய சிமெண்ட்டுக்கு 28 நாள் கொடுங்கள், காரம் தாங்கும் அடிப்பூச்சு போடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை உப்புப் பூத்து நிறத்தைத் தள்ளிவிடும். பாசி பிடித்த சுவரைக் கழுவினால் மட்டும் போதாது, பாசிக்கொல்லியும் வேண்டும்.

குடியிருப்பாளர் தீட்டும் பகுதி கைக்கு எட்டும் உயரத்தோடு நிற்கட்டும். 3 மீட்டருக்கு மேல் விழும் ஆபத்துள்ள வேலை பாதுகாப்பு விதிகளில் தனி வகை; பயிற்சி பெற்ற ஒப்பந்ததாரரிடம் விடுங்கள். ஓவியர் முந்தைய நாளே கோடுகளை வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நிற எண் போட்டுவைத்தால் ஐம்பது பேர் வந்தாலும் குழப்பம் இராது. குழந்தைகளைப் படமெடுப்பதற்குப் பெற்றோரின் ஒப்புதல் தாள் வாசலிலேயே இருக்கட்டும்.

மொத்தக் காலம் எவ்வளவு? கருத்துக்கணிப்புக்கு இரண்டு மாதம், வடிவமைப்புக்கு இரண்டு, அனுமதிக்கு இரண்டு முதல் மூன்று, தயாரிப்புக்கும் பொருத்துதலுக்கும் இரண்டு என்று திட்டமிடுங்கள். தேசிய தினத்துக்குத் திறக்க ஆசை என்றால் முந்தைய நவம்பரிலேயே தொடங்கியிருக்க வேண்டும். சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் எந்த அச்சகமும் கைக்கு வராது.

10. ஒப்படைப்புக் கோப்பு

குழு உறுப்பினர்கள் மாறுவார்கள். மூலக் கோப்புகள், அனுமதிக் கடிதம், ஒப்பந்தம், நிற எண்கள், இரண்டு பக்கப் பயன்பாட்டு விதி எல்லாம் தனிநபர் மின்னஞ்சலில் அல்லாமல் குழுவின் பொது சேமிப்பில் இருக்கட்டும். அந்த விதித்தாளில் செய்யக்கூடாதவற்றையும் படத்துடன் காட்டுங்கள்: நீட்டிய சின்னம், மாறிய நிறம், சுருக்கிய தமிழ் வரி. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு லிட்டர் டப்பா, மூடியில் சாய எண்ணும் வாங்கிய தேதியும் எழுதி, வசிப்போர் குழு அறையில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரியில், மென்மையான தூரிகையால் கழுவி உரிந்த இடத்தைத் தொட்டுப் பூசுங்கள். ஸ்டிக்கர் வெயிலில் மூன்று ஆண்டுக்கு மேல் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதை மாற்றும் மாதத்தை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.